அம்மாவுக்கு விசா மறுக்கப்பட்ட பிறகு அப்பாவும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். நீங்கள் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறீர்கள். எட்டு மாதங்களுக்கு முன் உங்கள் அம்மா தனியாகப் பார்வையாளர் விசாவுக்கு, அதாவது பி-2 விசாவுக்கு, விண்ணப்பித்தார். நேர்காணலில் அது மறுக்கப்பட்டது. அப்போது வேலையில் இருந்ததால் விண்ணப்பிக்காத அப்பா இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து வந்து பேத்தியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அம்மாவுக்கு நேர்ந்த மறுப்பு அப்பாவையும் பாதிக்குமா, அப்பாவை மட்டும் முதலில் விண்ணப்பிக்கச் சொல்லிப் பார்க்கலாமா, இந்த முறை கூடுதலாக எந்த ஆவணங்களைச் சேர்க்க வேண்டும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சட்டப்படி பாதிக்காது. ஒவ்வொருவரும் தனி விண்ணப்பதாரர். தனிப் படிவம், தனிக் கட்டணம், தனி முடிவு. ஒரே நாளில் ஒரே சன்னலுக்கு முன் நின்ற கணவன் மனைவியில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுப்பதும் உண்டு. ஆனாலும் இருவருடைய படிவங்களும் ஒரே வீட்டைப் பற்றியவை, ஒரே பயணத்தைப் பற்றியவை. அம்மாவின் பழைய விண்ணப்பமும், மறுத்த அதிகாரி அன்று எழுதிவைத்த குறிப்பும் கணினியில் இருக்கும். அப்பா சொல்லப்போவதற்கும் அம்மா அன்று சொன்னதற்கும் இடையே பொருத்தம் இருக்கிறதா என்று அடுத்த அதிகாரி பார்க்க முடியும். அதனால் அம்மாவின் விண்ணப்பத்தில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளும் வரை அப்பாவின் படிவத்தைத் தொடங்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அம்மாவிடம் அன்று கொடுத்த தாளை எடுத்துப் பாருங்கள். அதில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். 221(ஜி) என்றிருந்தால், ஏதோ ஓர் ஆவணம் குறைகிறது அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுத்தால் அதே விண்ணப்பத்தைத் தொடரலாம், புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. 214(பி) என்றிருந்தால் அந்த விண்ணப்பம் அன்றோடு முடிந்துவிட்டது. பார்வையாளர் விசாவில் பெரும்பாலும் காணப்படுவது இந்த 214(பி)தான் என்பதால், உங்கள் அம்மாவுக்கும் அதுவே என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். 212-ஆம் பிரிவின் கீழ், அதாவது அமெரிக்காவுக்குள் வரத் தகுதியில்லாதவர் என்று சொல்லும் பிரிவின் கீழ், ஏதாவது எண் குறிப்பிடப்பட்டிருந்தால் அது முற்றிலும் வேறு விஷயம். அப்போது குடிவரவு வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டாமல் எதையும் செய்யாதீர்கள்.

1952-ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 214(பி) பிரிவு, பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் அமெரிக்காவிலேயே குடியேற வருபவர் என்று கருதியே தொடங்குகிறது. அப்படியல்ல என்று தூதரக அதிகாரிக்கு மனநிறைவு ஏற்படும்படி காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. பி-2 விசாவைப் பொறுத்தவரை அதன் சாரம் இரண்டு: சொந்த நாட்டில் கைவிடும் எண்ணமில்லாத ஒரு வசிப்பிடம் இருக்க வேண்டும், வருகை தற்காலிகமானதாக இருக்க வேண்டும். மறுப்பு என்றால், அன்று, அந்தச் சில நிமிடங்களில், அந்த அதிகாரிக்கு இவை இரண்டும் தெளிவாகவில்லை என்று மட்டுமே பொருள். அம்மா பொய் சொன்னார் என்றோ, தவறு செய்தார் என்றோ, இனி வர முடியாது என்றோ அதற்குப் பொருளில்லை. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். மறுப்புக்குப் பிறகு பெற்றோர் பலர் ஏதோ குற்றம் செய்தவர்களைப் போலக் குறுகிப்போகிறார்கள். அந்தக் கூச்சத்தோடு அடுத்த நேர்காணலுக்குப் போனால் வாயிலிருந்து வார்த்தை வராது.

214(பி) மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் மறுபடி விண்ணப்பிக்க எந்தக் காத்திருப்புக் காலமும் சட்டத்தில் இல்லை. ஆறு மாதம் கழிய வேண்டும், ஓராண்டு கழிய வேண்டும் என்று பலரும் சொல்வது வெறும் செவிவழிச் செய்தி. புதிய டிஎஸ்-160 படிவம், அதாவது இணையவழி விசா விண்ணப்பம், புதிய நேர்காணல், 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், இவ்வளவுதான் தேவை. மறுத்தாலும் கட்டணம் திரும்ப வராது. அதனால் எப்போது விண்ணப்பிப்பது என்பதைவிட, போன முறை அதிகாரியிடம் போய்ச் சேராத எதை இந்த முறை சொல்லப்போகிறோம் என்பதற்குத்தான் விடை தேட வேண்டும். அதற்கு விடை இல்லாமல் அடுத்த மாதமே போனாலும் அடுத்த ஆண்டு போனாலும் அதே தாள்தான் கைக்கு வரும்.

என் சித்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய படிவத்தை அமெரிக்காவில் இருந்த மகன், வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து நிரப்பினான். எவ்வளவு காலம் தங்குவார் என்ற இடத்தில், அதிகபட்சம் எவ்வளவு கிடைக்குமோ அதையே கேட்டுவிடலாம் என்று ஆறு மாதம் என எழுதினான். சித்தி அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நேர்காணலுக்கு வீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், மகனின் சம்பளச் சீட்டுகள், அழைப்புக் கடிதம் என்று ஒரு கையால் தூக்க முடியாத கோப்போடு போனார். அதிகாரி கேட்டது மூன்றே கேள்விகள். எதற்குப் போகிறீர்கள்? "பையனைப் பார்க்க." எவ்வளவு நாள் இருப்பீர்கள்? "அவன் எப்போது டிக்கெட் போடுகிறானோ அப்போது திரும்புவேன்." வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? "யாரும் இல்லை, பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்." கோப்பின் நாடாவை அவிழ்க்கவே வேண்டியிருக்கவில்லை. உண்மையில் சித்தி வாடகைக்கு விட்ட இரண்டு வீடுகளைத் தாமே பார்த்துக்கொள்கிறார். அடுத்த தெருவில் இருக்கும் வயதான மாமியாருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு இவர் கையால்தான் போகிறது. மகள் ஊரிலேயே இருக்கிறாள். யாரும் கேட்காததால் எதையும் சொல்லவில்லை. கேட்ட கேள்விகளுக்குப் பணிவாகப் பதில் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார்.

பதினோரு மாதங்களுக்குப் பிறகு அவர் மீண்டும் விண்ணப்பித்தபோது வீடும் அதே வீடு, வங்கிக் கணக்கும் அதே கணக்கு. படிவத்தில் ஏழு வாரம் என்று இருந்தது. ஏன் ஏழு வாரம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவரைதான் மாமியாரைத் தம் நாத்தனார் பார்த்துக்கொள்ள முடியும் என்று அவரே சொன்னார். விசா கிடைத்தது. ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்து விதி எழுதிவிட முடியாது. இரண்டாம் முறை பார்த்தவர் வேறு அதிகாரி என்பதும் உண்மை. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டறிந்த பெற்றோர் மறுப்புகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இதே சிக்கல்தான் இருந்தது: படிவத்தை எழுதியவர் ஒருவர், சன்னலில் நின்றவர் இன்னொருவர், இருவரும் பயணத்தைப் பற்றி உட்கார்ந்து பேசிக்கொள்ளவே இல்லை.

ஆகவே ஆவணங்களைப் பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அழைப்புக் கடிதமோ, உங்கள் சம்பளமோ, நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் ஆதரவு உறுதிமொழியோ பி-2 விசாவுக்குத் தேவையில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்கிறது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் தரும் உறுதியைக் கொண்டு முடிவெடுப்பதில்லை. விண்ணப்பதாரருக்குச் சொந்த நாட்டில் இருக்கும் பிணைப்புகளைக் கொண்டே முடிவு என்பதுதான் அதன் நிலைப்பாடு. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். மகன் நன்றாகச் சம்பாதிக்கிறான், பெரிய வீடு வைத்திருக்கிறான் என்று நீங்கள் எவ்வளவுக்கு நிரூபிக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பெற்றோர் அங்கேயே தங்கிவிட வசதி இருக்கிறது என்றும் ஆகிறது. செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டால் காட்ட உங்கள் வேலைச் சான்று ஒன்று இருக்கட்டும். கோப்பின் கனம் அவர்களுடைய வாழ்க்கையைச் சார்ந்ததாக இருக்கட்டும்.

இனி அம்மாவோடு உட்கார வேண்டிய வேலை. பழைய டிஎஸ்-160 படிவத்தின் நகல் உங்கள் மின்னஞ்சலில் இருக்கலாம், தேடி எடுங்கள். தொலைபேசியில் அம்மாவிடம் அன்று கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு முறைகூடக் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த பதிலை அவர் உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொல்வார். பிறகு படிவத்தையும் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்கும் காலம், பயணத்தின் நோக்கம், செலவு செய்பவர், அமெரிக்காவில் இருக்கும் நெருங்கிய உறவினர் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றில் முரண் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதிகாரி எழுதிய குறிப்பைப் பெற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். விசா ஆவணங்கள் அதே சட்டத்தின் 222(எஃப்) பிரிவின்படி இரகசியமானவை.

அப்பா ஓய்வுபெற்றதை நீங்கள் நல்ல மாற்றமாக எழுதியிருக்கிறீர்கள். இனி நேரத்துக்குத் தடையில்லை, நிம்மதியாக ஆறு மாதம் இருக்கலாம் என்கிறீர்கள். அதிகாரியின் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன் அம்மா வந்திருந்தால் கணவர் ஊரில் வேலையில் இருந்தார். அம்மா திரும்பிப் போவதற்கு அதுவே பெரிய காரணம். இப்போது அந்த வேலையும் இல்லை, இருவரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள், வீட்டில் மிஞ்சுவது யார்? இதற்குப் பதில் இல்லாமல் இருக்காது. ஓய்வூதியம், பராமரிக்க வேண்டிய நிலமோ வீடோ, ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகள், அவர்களுடைய குழந்தைகள், வயதான பெரியவர்கள், தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் மருத்துவம், அப்பா பொறுப்பில் இருக்கும் சங்கமோ கோயில் பணியோ என்று அறுபது வயது மனிதரின் வாழ்க்கையில் எவ்வளவோ இருக்கும். இவற்றில் எவை உண்மையோ அவற்றை அப்பா தம் வாயால் சொல்லிப் பழக வேண்டும். இல்லாததைச் சேர்க்க வேண்டாம். இருப்பதை மட்டும் சொன்னாலே பெரும்பாலும் போதும்.

தங்கும் காலத்தை நேர்மையாகக் கணக்கிடுங்கள். விசாவைத் தருவது தூதரகம்; நாட்டில் எவ்வளவு நாள் இருக்கலாம் என்று முடிவுசெய்வது விமான நிலையத்தில் இருக்கும் எல்லைக் காவல் அதிகாரி. பி-2 விசாவில் வருபவருக்கு வழக்கமாக ஆறு மாதம்வரை அனுமதி கிடைக்கிறது என்பதற்காகப் படிவத்தில் ஆறு மாதம் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையிலேயே அவர்கள் இருக்கப்போவது இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம் என்றே எழுதுங்கள். அதற்காக, மனத்தில் ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு தாளில் ஆறு வாரம் என்று எழுதவும் வேண்டாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது போன முறை சொன்னதும் இருந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். பேத்தியைப் பார்த்துவிட்டு வருவது பார்வையாளர் விசாவுக்கு முழுவதும் பொருந்தும் நோக்கம். ஆனால் நீங்களும் உங்கள் மனைவியும் வேலைக்குப் போக, குழந்தையை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்வதற்காகவே அவர்களை வரவழைப்பது உங்கள் திட்டம் என்றால், பதிலை அழகாக்குவதால் அந்தச் சிக்கல் தீராது, திட்டத்தையே மாற்றுங்கள்.

இரண்டாவது கேள்வி, அப்பாவை மட்டும் முதலில் அனுப்பிப் பார்க்கலாமா என்பது. இருவரும் சேர்ந்துதான் பயணம் செய்யப்போகிறார்கள் என்றால் சேர்ந்தே விண்ணப்பிப்பது நல்லது என்பது என் கருத்து. உடன் பயணம் செய்பவர்கள் யார் என்று படிவமே கேட்கிறது. அப்பா தனியாகப் போய், "மனைவி வரவில்லையா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லி விசா வாங்கிவிட்டு, மூன்று வாரத்தில் அம்மா அதே பயணத்துக்கு விண்ணப்பித்தால், அப்பா சொன்னது பொய்யாகிவிடும். சேர்ந்து போவதிலும் ஆபத்து இருக்கிறது. இருவருக்கும் மறுக்கப்படலாம், அப்படி நடந்தால் இதுவரை சுத்தமாக இருந்த அப்பாவின் பெயரிலும் ஒரு மறுப்பு ஏறும், இனி ஒவ்வொரு முறையும் அதைச் சொல்ல வேண்டும். அப்பா தனியாக வருவதுதான் உண்மையான திட்டம், அம்மா ஊரில் இருக்கத்தான் போகிறார் என்றால் தனியாக விண்ணப்பிப்பதில் எந்தத் தவறும் இல்லை. எது உண்மையோ அதைத் தொடர்ந்து முடிவெடுங்கள். வேறொரு நாட்டுத் தூதரகத்தில் எளிதாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடியுரிமையோ வசிப்போ உள்ள நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டது.

படிவத்தில் சில இடங்களில் தனிக் கவனம் வேண்டும். அமெரிக்க விசா எப்போதாவது மறுக்கப்பட்டதா என்ற கேள்வி விண்ணப்பதாரரைப் பற்றியது மட்டுமே. அம்மா "ஆம்" என்று குறித்து, எந்த மாதம், எந்தத் தூதரகம், 214(பி) பிரிவு என்று ஒரு வரியில் எழுதினால் போதும். அங்கே வாதாட வேண்டாம். அப்பாவுக்கு இதுதான் முதல் விண்ணப்பம் என்பதால் "இல்லை" என்பதே சரியான விடை. ஆனால் நேர்காணலில் வீட்டில் யாருக்காவது மறுக்கப்பட்டிருக்கிறதா என்று வாய்மொழியாகக் கேட்டால் உடனே "என் மனைவிக்கு" என்று சொல்ல வேண்டும். தயங்கினாலே தப்பாகத் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் நெருங்கிய உறவினர் பட்டியலில் உங்கள் பெயரும் நிலையும் இடம்பெற வேண்டும். விண்ணப்பதாரர் பெயரில் யாராவது குடிவரவு மனு தாக்கல் செய்திருக்கிறார்களா என்றும் கேட்கிறது. உங்கள் நிறுவனம் உங்களுக்காகத் தொடங்கியிருக்கும் கிரீன் கார்டு மனு உங்களுடையது, பெற்றோருடையது இல்லை. எனவே அவர்கள் "இல்லை" என்று குறிக்கலாம். (பெற்றோருக்காக மனுச் செய்யும் உரிமை 21 வயது நிரம்பிய குடிமக்களுக்குத்தான் உண்டு; கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக்கூட இல்லை.) கடைசியாக, படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கேள்வி. உங்கள் பெயரை அங்கே எழுதுங்கள். பலர் இதற்கு "இல்லை" என்று குறித்துவிட்டு, அப்படியொரு கேள்வி இருந்ததையே மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 214(பி) மறுப்பை அடுத்த விண்ணப்பத்தில் கடந்துவிடலாம். அதிகாரியின் முடிவை மாற்றக்கூடிய ஓர் உண்மையை வேண்டுமென்றே மறைத்ததாகவோ திரித்ததாகவோ முடிவானால் 212(ஏ)(6)(சி) பிரிவு வரும். அது காலவரையறை இல்லாத தடை. அதன்பிறகு பார்வையாளர் விசாவுக்கே தனி விலக்கு வேண்டிவரும். ஒரு சிறு மறுப்பை மறைக்கப்போய் அந்த நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முகவர் சொல்லித்தான் அப்படி எழுதினோம் என்பது எடுபடாது, கையெழுத்து விண்ணப்பதாரருடையது. வேண்டிய சான்றிதழைத் தயாரித்துத் தருகிறேன் என்று சொல்பவர் எவரானாலும் அந்த நிமிடமே விலகிவிடுங்கள்.

நேர்காணலுக்கு மனப்பாடம் செய்துவைக்காதீர்கள். எந்த மொழியில் தடையின்றிப் பேச வருமோ அந்த மொழியில் பேசலாமா என்று தொடக்கத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவது பெரிய கேடு. போன முறைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்க வாய்ப்பு அதிகம். அதற்கு அவர் சொல்லவேண்டியது உண்மையை: பேத்தி பிறந்திருக்கிறாள், கணவரோடு இத்தனை வாரத்துக்குப் போகிறேன், இந்தக் காரணத்தால் இந்த மாதம் திரும்ப வேண்டும், போன முறை எவ்வளவு நாள் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் வாங்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். அவர்கள் விசாரிக்க முடியும். முடிவை மாற்ற முடியாது. நீதிமன்றங்களும் தூதரக அதிகாரியின் விசா முடிவுக்குள் நுழையத் தயங்குகின்றன. 2024-இல் முன்யோஸ் வழக்கில், அமெரிக்கக் குடிமகளின் கணவருக்குக் குடிவரவு விசா மறுக்கப்பட்டபோதுகூட, அதை எதிர்க்க மனைவிக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்றே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழியில் செலவழிக்கும் பணத்தையும் மனத்தையும் படிவத்தில் செலவழியுங்கள்.

வேறு நாடுகளுக்கு இதே நிலையில் விண்ணப்பிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன நடைமுறை அமெரிக்காவுக்கு உரியது. பிரிட்டன், கனடா படிவங்கள் எந்த நாட்டில் விசா மறுக்கப்பட்டிருந்தாலும் சொல்லச் சொல்கின்றன. எனவே உங்கள் அம்மா நாளை அங்கே போக நினைத்தாலும் இந்த மறுப்பைக் குறிப்பிட வேண்டும். ஒரே பொது விசாவை வழங்கும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் மறுப்பின் காரணத்தை எழுத்தில் தந்து மேல்முறையீட்டுக்கும் இடமளிக்கின்றன. கனடாவில் அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது.

விசா கைக்கு வரும்வரை டிக்கெட் வாங்காதீர்கள். படிவங்களை நிரப்பிய பிறகு, சமர்ப்பிப்பதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் காணொளி அழைப்பில் இருவரையும் உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "அது அப்படி இல்லையே" என்று அப்பா ஓரிடத்திலாவது நிறுத்துவார். அந்த இடத்தைத் திருத்துங்கள். கடைசியில் கையெழுத்துக்கான பொத்தானை அவர்களே அழுத்தட்டும். அச்செடுத்த ஒரு நகல் நேர்காணல் நாள்வரை அவர்கள் வீட்டு மேசையில் இருக்கட்டும்.